பரலின்ர அடியில என்ன கிடக்கு: டீசல், மண்ணெண்ணெய், பெற்றோல் மூண்டையும் ஏர்போட் முறையில செக் பண்ணின பதிவு

காலபோக வெட்டுக்கு இறங்க முதல் மாமான்ர கொட்டிலுக்குள்ள கிடந்த எரிபொருள் எல்லாத்தையும் அடியில இருந்து செக் பண்ணி வடிச்சுப் பிரிச்சு வைச்சனாங்கள். எங்கட பக்கம் வட்டக்கச்சி, முரசுமோட்டை, பரந்தன் எண்டு எங்க போனாலும் ஆக்கள் இப்ப பரலிலயும் கானிலயும் எண்ணெய் வைச்சிருக்கினம், 2022 இல கியூஆர் கோட்டோட லைனில நிண்ட பிறகு வெறும் பரலைப் பாக்க ஒருத்தருக்கும் மனம் வராது, அதால இது கன பேருக்கு உதவும் எண்டு செய்த மாதிரியே எழுதிறன்.

கிடந்தது என்னெண்டால் 200 லீற்றர் பரல் ஒண்டில முக்கால்வாசி டீசல், இன்னொரு பரலில அரைவாசிக்குக் குறைய மண்ணெண்ணெய், அதோட பிளாஸ்ரிக் கான்களில பெற்றோல். டீசல் லாண்ட்மாஸ்ரர் எண்ட ரெண்டு சில்லு உழவு மிசினுக்கும் ரக்ரருக்கும், மண்ணெண்ணெயும் பெற்றோலும் தண்ணி இறைக்கிற மிசினுக்கு, மண்ணெண்ணெயில கொஞ்சம் மாமி விளக்குக்கும் குக்கருக்கும் எடுக்கிறவ. பிரச்சினை தொடங்கினது லாண்ட்மாஸ்ரரில, ஸ்ராட் வரும், கொஞ்சம் ஓடும், லோட் குடுத்த உடன இழுக்காமல் திணறி நிக்கும், பிறகு தானா வரும். மாமா இஞ்சினுக்குள்ள டீசலைப் பீச்சிற நொசில் பழுது எண்டு சொல்லி நொசில் மாத்த கிளிநொச்சிக்கு வெளிக்கிட்டவர். நான் சொன்னன் பொறுங்கோ மாமா, நொசிலுக்குக் காசைக் குடுக்க முதல் அதுக்குள்ள போறது என்னெண்டு பாப்பம். பில்ற்றர்க் கிண்ணத்தைக் கழட்டிப் பாத்தால் அடியில தண்ணி மணி மணியா நிக்குது. அந்த நொசிலை மாத்தினாலும் இதே தண்ணி தான் புது நொசிலுக்குள்ளயும் போயிருக்கும்.

நான் கன வருசம் வளைகுடாவில ஒரு ஏர்போட்டில பிளேனுக்கு எண்ணெய் அடிக்கிற பவுசரில, அதாவது ராங்க் லொறியில, வேலைக்கு நிண்டனான். அங்க காலமை வந்து முதல் வேலை பவுசரின்ர ஆகப் பதிஞ்ச இடத்தில இருக்கிற வால்வைத் திறந்து சாம்பிள் எடுக்கிறது தான், பவுசர் நேற்று எவ்வளவு நல்லா ஓடினது எண்டதெல்லாம் கணக்கில்லை. மழை பெஞ்சால் திரும்ப எடுக்கோணும், பவுசருக்குப் புதுசா எண்ணெய் ஏத்தினால் திரும்ப எடுக்கோணும். தண்ணியும் துருவும் எண்ணெயை விடப் பாரம், அது எப்பவும் அடிக்குத் தான் போகும், அதால மேல இருந்து எடுத்த சாம்பிள் எவ்வளவு வடிவா இருந்தாலும் அதை நம்பி ஒண்டும் முடிவெடுக்க ஏலாது. எங்கட ஊரில ஆக்கள் பரலைத் திறந்து எட்டிப் பாத்திட்டு, இல்லாட்டி விரலை விட்டு மணந்து பாத்திட்டு நல்ல எண்ணெய் எண்டு சொல்லுறதை நான் எத்தினையோ இடத்தில கண்டிருக்கிறன், அது மேல இருக்கிற நாலு விரல் எண்ணெயைப் பற்றின கதை மட்டும் தான்.

முதல் பரல் நிண்ட விதத்தைப் பாத்தன். கொட்டிலின்ர ஒரு பக்கம் திறப்பு, மாரியில சாரல் அடிச்சு பரலின்ர மேல் தட்டில விளிம்புக்குள்ள தண்ணி தேங்கின தடம் வட்டமா கிடக்கு, மூடி இருக்கிறதும் அந்தத் தட்டில தான். மூடியை இறுக்கித் தானே வைச்சிருந்தது, எப்படித் தண்ணி போகும் எண்டு மாமா கேட்டவர். பகலில வெயிலுக்குப் பரல் சூடாகி உள்ளுக்க இருக்கிற காத்தும் எண்ணெயும் விரியும், மூடியின்ர புரிக்குள்ளால கொஞ்சம் காத்து வெளியில போகும், இரவு குளிர உள்ளுக்க சுருங்கும், அப்ப வெளியில இருந்து உள்ளுக்க இழுக்கும், அந்த நேரம் மூடியைச் சுத்தித் தண்ணி நிண்டால் காத்துக்குப் பதிலா தண்ணியை இழுக்கும். கார்த்திகை, மார்கழி முழுக்க ஒவ்வொரு நாளும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்தால் எவ்வளவு சேரும் எண்டு யோசியுங்கோ. ஏர்போட் வசதி இல்லாத தூர இடங்களில பிளேனுக்குப் பரலில எண்ணெய் வைக்கிறவை பரலைப் படுக்கப் போட்டு ரெண்டு மூடியும் மணிக்கூட்டில 3 உம் 9 உம் இருக்கிற இடத்துக்கு வாற மாதிரி வைப்பினம், அப்ப மூடி ரெண்டும் எண்ணெய் மட்டத்துக்குக் கீழ நிக்கும், காத்தோ தண்ணியோ உள்ளுக்க இழுபட வழி இல்லை. ஆனா அது பரல் அரைவாசிக்கு மேல நிரம்பி இருந்தால் தான் சரிவரும். குறைஞ்ச பரல் எண்டால் நிமித்தி வைச்சு, ஒரு பக்கத்துக்கு அடியில மரக்கட்டை குடுத்துச் சரிச்சு, மேல் தட்டில தண்ணி தேங்கினாலும் மூடிக்குக் கிட்ட வராத மாதிரி திருப்பி விடோணும், மேல ஒரு தகரத்தைப் போட்டு மூடினால் இன்னும் நல்லம்.

பரலை உடன அசைக்க வேண்டாம் எண்டு தடுத்திட்டன், இது முக்கியம். அசைச்சால் அடியில படிஞ்சு கிடக்கிறது எல்லாம் கலங்கி மேல வரும், பிறகு சாம்பிள் எடுத்து ஒரு பிரியோசனமும் இல்லை. பிளேன் எண்ணெயில ஒரு கணக்கு இருக்கு, சின்ன பிளேனுக்கு அடிக்கிற அவ்காஸ் எண்டால் ஒரு அடி ஆழத்துக்கு 15 நிமிசம், ஜெட் எண்ணெய் எண்டால் ஒரு அடிக்கு ஒரு மணித்தியாலம் ஆற விடோணும். ஜெட் எண்ணெய் மண்ணெண்ணெய் வகை, தடிப்புக் கூட, தண்ணித் துளி இறங்கக் கன நேரம் எடுக்கும். எங்கட பரல் 3 அடிக்குக் கிட்ட உயரம், டீசல் மண்ணெண்ணெயை விடவும் தடிப்பு, அதால நான் மணித்தியாலக் கணக்குப் பாக்காமல் இரவு முழுக்க விட்டிட்டு விடியக் காலமை எடுத்தன். விடியக் காலமை எடுக்கிறதில இன்னொரு நன்மையும் இருக்கு, எண்ணெய் குளிர்ந்தால் அதில கரைஞ்சிருக்கிற தண்ணியும் கொஞ்சம் பிரிஞ்சு வெளியில வரும், மத்தியானச் சூட்டில கண்ணாடி மாதிரி தெரியிற எண்ணெய் விடியப் பாத்தால் லேசாப் பனிப்புகார் பிடிச்ச மாதிரி மங்கலா இருக்கும்.

அடியில இருந்து எடுக்கிறதுக்கு ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் நீளமான, உள்ளுக்க தெரியிற விறைச்ச பிளாஸ்ரிக் குழாய் ஒண்டு எடுத்தன். குழாயின்ர மேல் வாயைக் கையுறை போட்ட பெருவிரலால பொத்திக் கொண்டு மெதுவா அடி முட்ட இறக்கோணும், பொத்தி இருக்கிறதால மேல இருக்கிற எண்ணெய் உள்ளுக்க ஏறாது, அடி முட்டின பிறகு விரலை எடுத்தால் அடியில கிடக்கிறது குழாய்க்குள்ள ஏறும், திரும்பப் பொத்திக் கொண்டு இழுத்தால் அடி நிலைமை அப்படியே குழாய்க்குள்ள நிக்கும். டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இந்தக் குழாய் காணும், பெற்றோலுக்குப் பிளாஸ்ரிக் குழாய் போட்டு உரச வேண்டாம், ஏனெண்டு கீழ சொல்லுறன். ஊத்திப் பாக்க வாய் அகண்ட ஜாம் போத்தல், ஒட்டுப் பேப்பர் எல்லாம் உரிச்சு, கழுவி, நல்லாக் காய விட்டு, பிறகு அதே எண்ணெயில ஒருக்கா அலசி ஊத்தினது. ஈரப் போத்தலில சாம்பிள் எடுத்திட்டுத் தண்ணி இருக்கு எண்டு கத்தக் கூடாது.

டீசல் பரலில குழாயைத் தூக்கின உடனேயே விளங்கிட்டுது. அடியில நாலு விரல் உயரத்துக்குக் கலங்கல் தண்ணி, அதுக்கு மேல கறுப்பும் மண்ணிறமுமா வழுவழுப்பான ஒரு படை, அதுக்கு மேல டீசல். மாமா போத்தலை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சுக் கன நேரம் பாத்தவர், "உந்தச் சளி மாதிரிக் கிடக்கிறது என்ன தம்பி, துருவே?" எண்டு கேட்டார். துரு இல்லை, அது உயிரோட இருக்கிற சாமான். தண்ணியும் எண்ணெயும் முட்டிற இடத்தில பூஞ்சணமும் பக்ரீரியாவும் வளரும், தண்ணியில இருந்து கொண்டு எண்ணெயைச் சாப்பிடும். பிளேன் ராங்கில வாற பேர்போன பூஞ்சணம் ஒண்டுக்கு ஹோர்மோகோனிஸ் ரெசினே எண்டு பேர், அது ராங்கின்ர அலுமினியத்தையும் அரிச்சுப் போடும், பில்ற்றரையும் அடைக்கும், எண்ணெய் அளவு காட்டிற கருவியையும் பிழையாக் காட்ட வைக்கும். எங்கட சூட்டுக்கும் ஈரக் காத்துக்கும் அது இன்னும் சந்தோசமா வளரும். மருந்து போட்டுக் கொல்லலாம் தான், பிளேனுக்கு அப்படி மருந்து இருக்கு, ஆனா தண்ணியை எடுக்காமல் மருந்து மட்டும் போட்டால் செத்த படை முழுக்கப் பில்ற்றரில வந்து நிக்கும், தண்ணி கிடக்கும் வரைக்கும் திரும்ப வளரும். தண்ணியை எடுத்தால் அதுக்கு வாழ இடமே இல்லை.

போத்தலைப் பாக்கிற முறையையும் சொல்லோணும். ஏர்போட்டில ரெண்டு விசயம் பாப்பம், தெளிவு, மினுக்கம். தெளிவு எண்டால் புகார் இல்லாமல், போத்தலுக்குப் பின்னால பேப்பரைப் பிடிச்சால் எழுத்து வாசிக்கக் கூடியதா இருக்கிறது, மினுக்கம் எண்டால் வெளிச்சத்தில எண்ணெய் பளிச்செண்டு நிக்கிறது, நல்ல எண்ணெய்க்கு ஒரு உயிர் இருக்கும், பாத்துப் பழகினால் தெரியும். பிறகு போத்தலை வட்டமாச் சுழட்டி விட்டால் நடுவில சுழி விழும், அந்தச் சுழியின்ர அடியில தூசு, துரு, மண் எல்லாம் ஒண்டாச் சேர்ந்து வரும், சும்மா வைச்சுப் பாக்கேக்க தெரியாத துருவெல்லாம் அப்ப தெரியும். எண்ணெய் புகாரா இருந்தால் கொஞ்ச நேரம் வைச்சுப் பாருங்கோ, அடியில இருந்து தெளிஞ்சு கொண்டு வந்தால் அது காத்துக் குமிழி, மேல இருந்து தெளிஞ்சு கொண்டு வந்தால் அது தண்ணி.

இன்னொரு பொறி இருக்கு. சாம்பிள் முழுக்கத் தண்ணியா வந்தால் அதில கோடு எதுவும் தெரியாது, பளிங்கு மாதிரித் தெளிவா இருக்கும், பாக்கிறவர் நல்ல எண்ணெய் எண்டு நினைச்சு விட்டிடுவார். சின்ன பிளேன் ஓட்டிறவைக்கு இதை முதல் பாடமாவே சொல்லிக் குடுப்பினம், ஏனெண்டால் அவை எடுக்கிற கிண்ணம் சின்னது, ராங்கின்ர அடியில கனக்கத் தண்ணி கிடந்தால் கிண்ணம் முழுக்கத் தண்ணி தான் வரும். மண்ணெண்ணெய்ப் பரலில எனக்கு முதல் வந்த சாம்பிள் அப்படித் தான் ஒரே தெளிவா இருந்தது, கையுறையில பட்ட மணம் மண்ணெண்ணெய் தான், ஆனா மணத்தை நம்பேலாது, குழாய் முழுக்க அந்த மணம் தானே. மாமியிட்டக் கேசரிக்குப் போடுற கலர்ப் பவுடர் கொஞ்சம் வாங்கி ஒரு சிட்டிகை போட்டன். அந்தக் கலர் தண்ணியில தான் கரையும், எண்ணெயில கரையாது. பவுடர் அப்படியே தூளா அடியில போய்ப் படிஞ்சுது, கிட்டப் பாத்தால் அடியில ரெண்டு மூண்டு சின்ன மணி மட்டும் செம்மஞ்சளா மாறி உருண்டு திரியுது. அதாவது அது மண்ணெண்ணெய் தான், தண்ணி அந்த ரெண்டு மூண்டு மணி மட்டும் தான். டீசல் பரலின்ர அடிச் சாம்பிளில போட்டால் கீழ்ப்பாதி முழுக்க ஒரேயடியாக் கலராகிப் போச்சு, மாமா அதைப் பாத்த பிறகு நொசில் கதையை எடுக்கவே இல்லை.

ஏர்போட்டில இதுக்குச் சின்னக் கப்சூல் ஒண்டு இருக்கு, சிரிஞ்சில பூட்டி 5 மில்லி எண்ணெயை இழுத்தால் உள்ளுக்க இருக்கிற மஞ்சள் பேப்பர் தண்ணி இருந்தால் பச்சையா, நீலமா மாறும். பிளேனுக்கு ஏறேக்க கரையாத தண்ணி 30 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில 30 பங்கு, அதுக்கு மேல இருக்கக் கூடாது எண்டது அங்க வைச்சிருக்கிற எல்லை. அந்த 30 ஐ எங்கட 200 லீற்றர் பரலுக்குக் கணக்குப் போட்டால் 6 மில்லி, பாணி மருந்துக் கரண்டி ஒண்டுக்குக் கொஞ்சம் கூட. மாமான்ர பரலில நாங்கள் வாளியால அளக்கிற அளவு கிடந்தது.

அந்த எல்லைக்குள்ள இருந்தாலும் பிளேனுக்குப் பயம் முழுக்கப் போகாது எண்டதுக்கு 2008 ஜனவரி 17 இல லண்டன் ஹீத்ரோவில நடந்ததைச் சொல்லலாம். பீஜிங்கில இருந்து வந்த பிரிட்டிஷ் எயர்வேஸ் போயிங் 777, இறங்கப் போற நேரம் ரெண்டு இஞ்சினும் கேட்ட வலுவைக் குடுக்கேல்லை, ஓடுபாதைக்கு முன்னாலயே புல்லில விழுந்தது, ஒருத்தரும் சாகேல்லை. எண்ணெயைச் சோதிச்சால் அது எல்லா அளவுக்குள்ளயும் சரியா இருந்தது. கரைஞ்சிருந்த கொஞ்சத் தண்ணி கன மணித்தியாலம் கடுங்குளிரில பறந்ததால குழாய்க்குள்ள ஐஸாகப் படிஞ்சு, இறங்கேக்க எண்ணெய் கூடுதலா ஓடின நேரம் அந்த ஐஸ் பெயர்ந்து போய் எண்ணெயைச் சூடாக்கிற பகுதியின்ர முகப்பை அடைச்சிட்டுது. பிறகு அந்த இஞ்சினுகளில அந்தப் பகுதியின்ர வடிவத்தையே மாத்தினவை. வன்னியில எங்கட டீசல் ஐஸாகப் போறேல்லை, ஆனா தண்ணி வேற விதமா அழிக்கும். டீசல் பம்புக்கும் நொசிலுக்கும் வழுக்கல் குடுக்கிறது டீசலே தான், அந்த இடத்தில தண்ணி வந்தால் உரசும், துருப் பிடிக்கும், நொசில் நுனிச் சூட்டில தண்ணி ஆவியாகி வெடிச்சு நுனியையே தின்னும்.

இனி வடிச்ச கதை. எங்கட ஆக்கள் வழமையாச் செய்யிறது பரலைச் சரிச்சுப் பழைய வேட்டித் துணியில வடிக்கிறது. துணி தூசைப் பிடிக்கும், தண்ணியைப் பிடிக்காது, நனைஞ்ச துணிக்குள்ளால தண்ணி சும்மா போகும், அதால துணி வடி தண்ணிக்கு மருந்து எண்டு நினைக்கவே கூடாது. நான் செய்தது ஏர்போட் ராங்கில இருக்கிற மிதக்கிற உறிஞ்சிக் குழாய் மாதிரி ஒண்டை. அங்க பெரிய ராங்கின்ர அடி நடுவுக்குச் சரிவா இருக்கும், தண்ணி அந்தப் பள்ளத்துக்கு ஓடி வரும், அங்க இருந்து வடிப்பினம், பிளேனுக்குப் போற எண்ணெயை எடுக்கிற குழாய் மட்டும் மிதவையில கட்டி மேல் மட்டத்துக்குக் கிட்ட மிதக்கும், எண்ணெய் குறையக் குறைய அதுவும் இறங்கும். நாங்கள் கையால சுத்திற பரல் பம்பின்ர அடிக்குழாயைக் கழட்டிட்டு, எண்ணெய்க்குத் தாங்கிற வளையிற ஓஸ் ஒண்டைப் பூட்டி, ஓஸின்ர நுனிக்கு ஒரு சாணுக்கு மேல மூடி இறுக்கின வெறும் சின்னப் போத்தல் ஒண்டைக் கட்டி விட்டம். போத்தல் மிதக்க, ஓஸ் வாய் மேல் எண்ணெயை மட்டும் இழுக்குது. போத்தல் பரல் வாய்க்குள்ளால போற மொத்தமா இருக்கோணும், ரெண்டு அங்குல வாய், அதுக்கு இருமல் பாணிப் போத்தல் சரியா வந்தது. ஆறுதலாச் சுத்தோணும், வேகமாச் சுத்தினால் அடி கலங்கும். புதுப் பரலுக்குப் போற வாயில தான் துணி வடி, தூசுக்கு மட்டும். அடியில ஒரு சாண் உயரம் வந்தவுடன நிப்பாட்டியாச்சு, அதுக்குக் கீழ கிடக்கிறதைத் தனி வாளிக்கு எடுத்து ரெண்டு நாள் ஆற விட்டு மேல வந்த டீசலை மட்டும் திரும்ப எடுத்தது.

மண்ணெண்ணெய்ப் பரலில தண்ணி இல்லை எண்ட உடன முடிஞ்சுது எண்டு மாமா நினைச்சவர், ஆனா எனக்கு அது தான் பெரிய யோசனையா இருந்தது. ஏனெண்டால் கலர் போடேக்க நிண்டு பாத்த மாமி சொன்னவ, கொஞ்ச நாளா விளக்குப் பத்த வைக்கேக்க பக்கெண்டு எழும்புது, குக்கரும் அப்படித் தான் எண்டு. அதைக் கேட்ட உடன அந்த மண்ணெண்ணெயை வீட்டுக்குள்ள எடுக்க வேண்டாம் எண்டு நிப்பாட்டினன். அதுக்குள்ள பெற்றோல் கலந்திருக்கு. தண்ணி மிசினுக்குப் பெற்றோலில ஸ்ராட் பண்ணி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது தானே வழமை, மிச்சத்தை ஒரே மாதிரிக் கானுகளில கொண்டு வந்து வைக்கேக்க ஆரோ பெற்றோல் கானைப் பரலுக்குள்ள திருப்பி ஊத்தி இருக்கினம், ஆர் எண்டு தேடி வேலை இல்லை. மண்ணெண்ணெயில தீப்பிடிக்கிற ஆவி எழும்ப 38 பாகைக்கு மேல சூடு வேணும், பெற்றோலுக்கு உறைநிலைக்குக் கன கீழ இருந்தாலும் காணும், கொஞ்சப் பெற்றோல் சேர்ந்தாலே விளக்கும் குக்கரும் குண்டு தான். நெருப்பு வைச்சுப் பாத்தால் தெரியும் எண்டு சில பேர் சொல்லுவினம், தயவு செய்து அதை மட்டும் ஒருத்தரும் செய்யாதையுங்கோ.

பேப்பரில துளி விட்டுப் பாக்கிற முறை ஒண்டு இருக்கு, சின்ன பிளேனுக்கு ஜெட் எண்ணெய் ஏறிட்டுதோ எண்டு பாக்கிறதுக்கு அதைத் தான் செய்யிறது. வெள்ளைப் பேப்பரில அவ்காஸ் ஒரு துளி விட்டால் கொஞ்ச நேரத்தில தடமில்லாமல் காய்ஞ்சு போகும், ஜெட் எண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய் வட்டம் நிக்கும். எங்கட பெற்றோல் கான் எல்லாத்தையும் அப்படிப் பாத்தன், ஒண்டில மட்டும் வட்டம் நிண்டது, அந்தக் கானில மண்ணெண்ணெய் கலந்திருக்கு, அதைத் தனியாத் தள்ளி வைச்சாச்சு. ஆனா எதிர்ப்பக்கம், மண்ணெண்ணெய்க்குள்ள கொஞ்சப் பெற்றோல் போயிருந்தால் பேப்பர் காட்டாது, ரெண்டும் ஒரே வட்டம் தான் வரும். நிறுத்தும் பாத்தன். போத்தலில 1 கிலோ தண்ணி நிறுத்து அந்த மட்டத்தில கோடு போட்டு, அதே கோட்டுக்கு ஒவ்வொரு எண்ணெயையும் ஊத்தி நிறுக்கிறது, கடைத் தராசில. பெற்றோல் 730 கிராமுக்குக் கிட்ட வரும், மண்ணெண்ணெய் 800 க்குக் கொஞ்சம் முன்ன பின்ன, டீசல் அதை விடக் கொஞ்சம் கூட. ஏர்போட்டில இதையே அடர்த்திமானி போட்டு 15 பாகைக்குக் கணக்கு மாத்திப் பாப்பம், ஜெட் ஏ-1 எண்ட ஜெட் எண்ணெய் லீற்றருக்கு 775 இல இருந்து 840 கிராமுக்குள்ள நிக்கோணும். எங்கட வெயிலில எல்லாம் கொஞ்சம் குறைச்சுத் தான் காட்டும், ஒவ்வொரு பாகைக்கும் லீற்றருக்கு முக்கால் கிராமுக்குக் கிட்டக் குறையும். கான் மாறிப் போச்சோ எண்டு பிடிக்க நிறுவை நல்ல வழி, பத்தில ஒரு பங்கு பெற்றோல் கலந்ததைப் பிடிக்கக் கடைத் தராசு காணாது, அந்த வித்தியாசம் ஏழு கிராமுக்குக் கிட்டத் தான். இந்த இடத்தில மாமி கண்ட நெருப்புத் தான் ஆகப் பெரிய சாட்சி, சந்தேகம் வந்தால் வீட்டுக்குள்ள எடுக்கிறேல்லை எண்டு முடிவெடுத்தம்.

பிழையான எண்ணெய் எண்டால் என்ன நடக்கும் எண்டு எங்கட ஆக்களுக்குப் புதுசாச் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை இருக்கேக்க வன்னியில மோட்டச்சைக்கிள் ஓடினது மண்ணெண்ணெயில தானே, காபரேற்றருக்குள்ள கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடான பிறகு மண்ணெண்ணெயில இழுக்கும், புகை தள்ளும், ஏத்தத்தில டக் டக் எண்டு அடிக்கும், ஒயில் தண்ணியாப் போகும். மாமாவும் அப்படி ஓடினவர் தான், மாங்குளத்தால மல்லாவிக்கு. அந்த டக் டக் தான் பிளேனிலயும் ஆளைக் கொல்லுறது. பெற்றோல் மாதிரி அவ்காஸில ஓடிற சின்ன பிளேனுக்கு ஜெட் எண்ணெய் ஏறினால் குழாய்க்குள்ள மிச்சம் இருக்கிற நல்ல எண்ணெயில இஞ்சின் ஸ்ராட் வரும், ஓடுபாதை மட்டும் போகும், சில நேரம் மேலயும் எழும்பும், பிறகு பிழையான எண்ணெய் வந்து சேர, சிலிண்டருக்குள்ள நேரம் தப்பி வெடிச்சு இஞ்சின் போகும், அப்ப பிளேன் தாழ்வில நிக்கும், இறங்க இடம் இருக்காது. எங்கட மோட்டச்சைக்கிள் நிண்டால் றோட்டோரம் தள்ளிக் கொண்டு போகலாம்.

அதால தான் அங்க நிறத்துக்கும் வாய்க்கும் அவ்வளவு கவனம். அவ்காஸ் 100 எல்எல் நீலம், 100/130 பச்சை, முந்தி இருந்த 80/87 சிவப்பு, ஜெட் எண்ணெய் நிறமில்லாமல் இல்லாட்டி வைக்கோல் நிறமா இருக்கும். அவ்காஸுக்குச் சிவப்பு அட்டையில வெள்ளை எழுத்து, ஜெட்டுக்குக் கறுப்பு அட்டையில வெள்ளை எழுத்து. ஜெட் எண்ணெய் அடிக்கிற நொசிலின்ர வாய் தட்டையா அகலமா இருக்கும், சின்ன பிளேனின்ர ராங்க் வாய்க்குள்ள அது போகாது. பொப் ஹூவர் எண்ட பேர்போன அமெரிக்கப் பைலட்டின்ர பிளேனுக்கு இப்படி ஜெட் எண்ணெய் மாறி ஏறி, எழும்பின பிறகு ரெண்டு இஞ்சினும் போய் ஆள் தப்பினவர், எண்ணெய் அடிச்ச பெடியனில கோவிக்காமல், திரும்ப இப்படி நடக்காத மாதிரி வாயையே மாத்தோணும் எண்டு நிண்டவர், அந்த நொசிலை இப்பவும் அவற்ர பேரில தான் சொல்லுறது. எனக்கு அந்தாளில மரியாதை கூடினது அந்த நிண்ட விதத்தால தான்.

எங்கட கொட்டிலிலயும் அதையே செய்தம். டீசல் பரலுக்கு மஞ்சள் பெயின்ற், மண்ணெண்ணெய்க்கு நீலம், பெற்றோலுக்குச் சிவப்பு, கானுக்கும் புனலுக்கும் ஓஸுக்கும் அதே நிறம், ஒண்டின்ர புனல் மற்றதுக்குப் போறேல்லை. பெற்றோல் கானுகளைப் பிளாஸ்ரிக்கில இருந்து தகரக் கானுக்கு மாத்தினது, ஊத்தேக்க கான் நிலத்தில நிக்கோணும், லாண்ட்மாஸ்ரர்ப் பெட்டியில வைச்சுக் கொண்டு ஊத்தக் கூடாது, தகரப் புனல் கான் வாயில முட்டிக் கொண்டிருக்கோணும். எண்ணெய் ஓடேக்க மின்சாரம் சேரும், பிளாஸ்ரிக் அதை நிலத்துக்கு விடாது, ஒரு பொறி காணும். பிளேனுக்கு எண்ணெய் அடிக்க முதல் பவுசரையும் பிளேனையும் வயரால தொடுக்கிறது இதுக்குத் தான், அந்த வயர் போடாமல் ஓஸைத் தொட்டால் எங்களை வீட்டுக்கு அனுப்பிப் போடுவினம். ஒவ்வொரு எண்ணெயிலயும் எண்ணெய் அடிக்கிற செட்டில இருந்து நேர வந்த சாம்பிள் ஒரு சின்னப் போத்தலில திகதி எழுதி இருட்டில வைச்சிருக்கிறன், அடுத்த முறை நிறத்தையும் மணத்தையும் ஒப்பிட்டுப் பாக்க.

பில்ற்றர் புதுசாப் போட்டால் காணாதோ எண்டு பக்கத்து வளவு அண்ணை கேட்டவர். பில்ற்றர் வேணும் தான், ஆனா அது கடைசிக் காவல், அதையே நம்பினால் என்ன வரும் எண்டதுக்கு 2010 ஏப்ரல் 13 இல கதே பசிபிக் ஏ330 ஒண்டுக்கு நடந்தது இருக்கு. இந்தோனேசியா சுரபாயாவில எண்ணெய் ஏத்தினவை, அங்க நிலத்துக்குக் கீழ போற எண்ணெய்க் குழாய்க்குள்ள உப்புத் தண்ணி போயிருக்கு. தண்ணியைப் பிடிக்கிறதுக்கெண்டு பில்ற்றருக்குள்ள வைச்ச, தண்ணி உறிஞ்சி ஊதிற சாமான் உப்புத் தண்ணியில பழுதாகிச் சின்னச் சின்ன உருண்டையா எண்ணெயோடயே பிளேனுக்குப் போயிட்டுது, அது எண்ணெயை அளந்து விடுற வால்வுகளை இறுக்கி, ஹொங்கொங்கில இறங்கேக்க ஒரு இஞ்சினின்ர வலுவைக் குறைக்கவே ஏலாமல் வழமையை விடக் கன கூடின 230 நொட்ஸ் வேகத்தில இறக்கினவை. அந்தப் பைலட்மாரின்ர கெட்டித்தனத்தால எல்லாரும் தப்பினவை. அண்ணைக்கு நான் சொன்னது, பரல் அடியில தண்ணி இல்லை எண்டதைக் கண்ணால பாத்திட்டுப் பிறகு பில்ற்றரைப் போடுங்கோ எண்டு தான்.

லாண்ட்மாஸ்ரரின்ர ராங்கை முழுக்க இறக்கி, அடியில கிடந்த தண்ணியையும் துருவையும் வடிச்சு, நல்ல டீசல் கொஞ்சம் விட்டு அலசி, பில்ற்றரும் கிண்ணமும் மாத்தி, பிறகு எயர் எடுத்தது. பம்புக்கு வாற குழாயின்ர நட்டை இளக்கி, குமிழி இல்லாமல் டீசல் தனியா ஓடும் மட்டும் விட்டு இறுக்கி, பிறகு நொசில்ப் பக்க நட்டை இளக்கி கையால சுத்தி, அதிலயும் காத்து போன பிறகு இறுக்கினது. மூண்டாஞ் சுத்துக்கு ஸ்ராட் வந்துது, பெட்டிக்கு லோட் ஏத்திப் பாத்தம், திணறல் இல்லை. நொசில் அதே பழைய நொசில் தான்.

பெற்றோல் கலந்த மண்ணெண்ணெயை என்ன செய்யிறது எண்டு கன நேரம் கதைச்சம். ஏர்போட் எண்டால் கலந்தது கலந்தது தான், கழிவெண்டு தள்ளுறது, ஊரில அந்தளவு காசைக் கொட்ட ஒருத்தருக்கும் மனம் வராது. தண்ணி மிசின் பிளக் போட்டு ஓடிற இஞ்சின், பெற்றோலில ஸ்ராட் ஆகிறதும் அது தான், அதால கொஞ்சப் பெற்றோல் கலந்த மண்ணெண்ணெய் அதுக்குக் கேடில்லை, பேப்பரில வட்டம் நிண்ட பெற்றோலும் அதுக்குத் தான். அந்தப் பரலை வீட்டில இருந்து தள்ளி வயல் பக்கக் கொட்டிலுக்கு மாத்தி, நீலத்துக்கு மேல சிவப்புக் கோடு அடிச்சு, மிசினுக்கு மட்டும் எண்டு பெரிசா எழுதியாச்சு, ஊத்திறது மிசின் நல்லா ஆறின பிறகு மட்டும். மாமிக்கு விளக்குக்கும் குக்கருக்கும் வேற கானில புது மண்ணெண்ணெய், அந்தக் கான் கொட்டில் பக்கமே போறேல்லை.

டீசல் அடியில இருந்து வந்த கலங்கலையும் சளியையும் மாமா வேலிக்கரையில ஊத்த வெளிக்கிட்டவர், கிணறு அந்தப் பக்கம் தான், குடிக்கிற தண்ணி, விடேல்லை. வாளியில ஆற விட்டு மேல மிதந்த கெட்ட டீசலைக் கழிவு ஒயிலோட சேர்த்து, புதுசா நடப் போற வேலிக் கட்டைகளின்ர அடிக்குக் கறையானுக்குப் பூசக் குடுத்தாச்சு. மிச்சத் தண்ணியும் சளியும் மூடி இறுக்கின கானில கழிவு எண்டு எழுதிக் கிடக்கு, பழைய ஒயில் எடுக்க வாற ஆக்கள் வரேக்க அதையும் குடுக்கிறதுக்கு.